ஸ்காண்டிநேவியக் கதகதப்பு: சோபாவை மாற்றும் முன் பல்பை மாற்றுங்கள்

ஸ்காண்டிநேவிய வீடுகளைப் போல் இருக்க வேண்டும் என்று வெள்ளைச் சுவர், சாம்பல் நிறச் சோபா, வெளிர் மர மேசை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பகலில் அறை அழகாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டால் மருத்துவமனை வராந்தா போல் வெளிறிப்போகும். திரையை மாற்றினேன், திண்டு உறையை மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. கோளாறு கூரையில் இருந்த பல்பில் என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. அதனால் பலர் கடைசியில் சொல்வதை நான் முதலில் சொல்கிறேன்.

படி 1: வெளிச்சம்

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் டிசம்பர் கடைசியில் பகல் பொழுது சுமார் 6 மணி நேரம்தான். இன்னும் வடக்கே போனால் சில வாரங்களுக்குச் சூரியன் எழுவதே இல்லை. இருட்டோடு வாழப் பழகியவர்களின் வீடுதான் ஸ்காண்டிநேவிய வீடு. பகலில் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் இருக்க வெளிர் சுவர். இரவில் அறை முழுவதும் ஒரே பளிச்சென்று இல்லாமல், உட்காரும் இடங்களில் மட்டும் தாழ்வான விளக்குகள். டேனிஷ்காரர்கள் 'ஹுகே' என்று சொல்லும் இதத்தில் பாதி இந்த விளக்குகளால் வருவது.

பல்பு அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் (K) எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. என் அறையில் இருந்தது அதுதான். 2700 வாங்குங்கள். பழைய இழை பல்பின் மஞ்சள் அதுவே. வெளிச்சத்தின் அளவை லூமனில் போட்டிருப்பார்கள்; 470 லூமன் பல்பு, அந்தக் காலத்து 40 வாட் பல்புக்குச் சமம். மேசை விளக்குக்கு அது தாராளம். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு சிஆர்ஐ (CRI) என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அது 90க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் மரம் செத்த நிறத்தில் தெரியும்.

ஒரு பெரிய விளக்குக்குப் பதில் மூன்று சிறியவை: ஒன்று தரையோரம், ஒன்று மேசைமேல், ஒன்று தொங்கவிட்டது. சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்குவது, மேசைப் பரப்பிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மாட்டிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பல்பு நேராகக் கண்ணில் குத்தினால் இன்னும் இறக்குங்கள், அல்லது பல்பை மூடும் விளக்குக் கூண்டை மாற்றுங்கள். டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன் 1920களிலிருந்தே, ஒளி கண்ணில் குத்தாமல் இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்துக்காக உழைத்தார். 1958இல் அவர் செய்த பிஎச் 5 விளக்கை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாது. அடுக்கடுக்கான தகடுகளில் பட்டு வருகிற ஒளிதான் தெரியும். அசலோ வேறோ, விளக்கு வாங்கும்போது இந்தக் குணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: சுவர்

வெள்ளையிலும் நீலம் கலந்தது உண்டு, மஞ்சள் கலந்தது உண்டு. நேர் வெயில் விழாத அறைக்கு மஞ்சள் பக்கம் சாய்ந்ததுதான் சரி. கடை அட்டையை நம்பாதீர்கள். ஒரு பெரிய அட்டையில் இரண்டு பூச்சு அடித்து, காலை, மதியம், விளக்கு வெளிச்சம் என்று மூன்று வேளையும் சுவரில் சாய்த்துப் பாருங்கள்.

படி 3: கம்பளம்

சின்னக் கம்பளம் வாங்கினால் அறை நடுவில் தீவு போல் மிதக்கும். சோபாவின் முன்கால்களாவது அதன் மேல் நிற்க வேண்டும். வாங்கும் முன் செய்தித்தாளைத் தரையில் விரித்து ஒட்டி, அளவைப் பார்த்துவிடுங்கள். துணி விஷயத்தில் கம்பளி, லினன், முரட்டுப் பருத்தி போதும். பளபளப்பு வேண்டாம்.

படி 4: மரமும் ஒரு நல்ல பொருளும்

பிர்ச், ஆஷ், ஓக் மூன்றில் எதுவானாலும் சரி, மேலே கண்ணாடி போன்ற வார்னிஷ் மட்டும் வேண்டாம். எண்ணெயோ சோப்போ தேய்த்த மரத்தில் கை வைத்தால் மரம் தெரியும்.

ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால் என் தேர்வு, பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ 1933இல் வடிவமைத்த ஸ்டூல் 60. பிர்ச் கட்டையின் நுனியில் வரிசையாகக் கீறி, அந்த இடுக்குகளில் மெல்லிய பலகைகளைப் பசையோடு செருகி வளைத்த கால்கள். வளைவில் அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்க்கலாம். உட்காரலாம், விளக்கு வைக்கலாம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னரின் விஷ்போன் நாற்காலியும் எனக்கு உயிர். அதன் இருக்கையில் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு கையால் பின்னப்படுகிறது. ஆனால் இடம் குறைவாக இருந்தால் முதலில் ஸ்டூல்.

அப்புறம், எல்லாம் வைத்த பிறகு கைபேசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். மொத்தமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கறுப்பாக ஏதாவது தேவை. என் அறையில் ஒரு கறுப்பு விளக்குத்தண்டும் ஒரு படச்சட்டமுமே போதுமாக இருந்தன.

பின்சேர்க்கை: வெளிச்சத்தை மங்கலாக்கும் சுவிட்சில் (டிம்மர்) எல்இடி பல்பு போட்டால் துடிக்கிறது, ரீங்காரம் வருகிறது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். முதலில், 'மங்கலாக்கலாம்' என்று பெட்டியில் குறிப்பிட்ட பல்புதானா என்று பாருங்கள். அது சரியென்றால் குறை பெரும்பாலும் சுவிட்சில். பழைய சுவிட்சுகள் நிறைய மின்சாரம் இழுக்கும் இழை பல்புக்காகச் செய்தவை. 5 வாட் எல்இடி அவற்றுக்குப் போதாது. எல்இடிக்கென்று வரும் சுவிட்சை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள். அதுவரை, மங்கலாக்கத் தேவையே இல்லாத குறைந்த லூமன் பல்பைப் போட்டுக்கொள்ளலாம்; நானும் படுக்கையறையில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.