வருடாவருடம் ஃப்ளூ ஊசி: யாருக்கு, எந்த மாதம், எந்த டப்பா?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி 2023 மார்ச்சில் வந்தது. எச்3என்2 என்ற ஃப்ளூ காய்ச்சல் பற்றி டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அம்மாவுக்கு 68 வயது, பல வருடமாகச் சர்க்கரை. பயந்துபோய் மறுநாளே இருவரும் ஊசி போட்டுக்கொண்டோம். அதே வருடம் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல். பரிசோதித்தால் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூதான். "இதுக்கா அவ்ளோ காசு குடுத்தே?" என்று படுக்கையில் இருந்தபடியே கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது ஓரளவு இருக்கிறது.

படி 1: வீட்டில் யாருக்கு?

"ஃப்ளூ ஊசி நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் முடிவுக்கே வர முடியாது. ஆள் ஆளாகப் பாருங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஆறு மாதம் முடிந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள், சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, வீசிங் உள்ளவர்கள், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள். இவர்களுக்கு நான் இரண்டாவது யோசனை செய்ய மாட்டேன். எனக்கு 41, எந்த நோயும் இல்லை; அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பதால் போட்டுக்கொள்கிறேன். ஹாஸ்டலில் இருக்கும் தம்பி மகன் வேண்டாம் என்றான், நானும் வற்புறுத்தவில்லை. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது கிடையாது, கைக்காசுதான். அதனால் வரிசை போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

முன்பு இதே ஊசி போட்டுக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. கிலன் பாரே என்ற நரம்புப் பாதிப்பு வந்தவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் போடாதீர்கள்.

படி 2: என்ன கிடைக்கும்?

ஊசியில் உள்ள ஃப்ளூ வைரஸ் வகையும் ஊரில் சுற்றும் வகையும் நன்றாகப் பொருந்திய வருடங்களிலேயே, ஃப்ளூ வந்து மருத்துவரிடம் போகும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம்தான் குறைகிறது. வந்தாலும் ஐசியூ வரை போகாமல் தடுப்பதில்தான் அம்மா மாதிரி ஆட்களுக்கு இதன் மதிப்பு. சாதாரணச் சளி, டெங்கு இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

படி 3: மாதமும் டப்பாவும்

நான் சறுக்கியது இங்கேதான்.

ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும். பிறகு மாதம் போகப் போகக் குறையும். டெல்லியிலும் புனேயிலும் ஃப்ளூ உச்சம் தென்மேற்குப் பருவமழையில், ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஸ்ரீநகரில் குளிர்காலம். சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர், நவம்பரில். மார்ச்சில் போட்ட எங்களுக்கு மழை வருவதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. டெல்லி அக்கா "மே மாசமே போட்டுடு" என்று சொல்வது அவர் ஊருக்குச் சரி. நான் இப்போது ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் கடைசிக்கும் இடையில் முடித்துவிடுகிறேன்.

அடுத்தது டப்பா. உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை எந்த வகைகளைச் சேர்க்கலாம் என்று சொல்கிறது: பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. டப்பா மேல் அதுதான் வருடத்தோடு அச்சாகியிருக்கும். '2022-2023' என்று இரட்டை வருடம் இருந்தால் வடக்கு, '2023' என்று ஒற்றையாக இருந்தால் பெரும்பாலும் தெற்கு. எங்களுக்கு மார்ச்சில் போட்டது 2022-2023 டப்பா. காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருந்ததால் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்து வந்த 2023 தென் அரைக்கோள ஊசியிலேயே எச்1என்1 என்ற ஃப்ளூ வைரஸுக்கான வகையைப் புதிதாக மாற்றிவிட்டார்கள். காலாவதித் தேதி மருந்து கெடவில்லை என்று மட்டும்தான் சொல்லும். அது எந்தப் பருவத்துக்கு என்று சொல்லாது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது மாதத்தாலா டப்பாவாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் நான் பார்க்கவில்லை என்பது மட்டும் உண்மை.

செப்டம்பரில் போனால் சில இடத்தில் அந்த வருடத் தெற்கு டப்பா இருக்கும், சில இடத்தில் புது வடக்கு டப்பா வந்திருக்கும். இருப்பதில் புதியதைக் கேளுங்கள். புது வடக்கு வரவில்லை என்றால் அதற்காகத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், அந்த வருடத் தெற்கையே போட்டுக்கொள்ளலாம்.

படி 4: போடும் இடம்

என் ஓட்டு குழந்தை மருத்துவர் கிளினிக்குக்கு. அங்கே ஊசி வேகமாகத் தீரும், பழைய சரக்கு தங்காது, ஃப்ரிட்ஜும் ஒழுங்காக இருக்கும். பெரியவர்களுக்கும் போடுவார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போவது எனக்குப் பிடிக்காது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. அதற்காக ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைய விட்டாலும் வீண்.

ஊசியை எடுக்கும் முன் டப்பாவை வாங்கி, வருடம் தெரியும்படி ஒரு போட்டோ. ஆப் எல்லாம் வேண்டாம். நான் அந்தப் போட்டோவைப் பிரிண்ட் போட்டு அம்மாவின் சர்க்கரை நோட்டில் ஒட்டி வைக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்று காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம். போட்ட கை ஒரு நாள் இரண்டு நாள் வலிக்கும், லேசாக உடம்பு சுடலாம். கையில் போடும் இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வராது.

பிறகு சேர்த்தவை

"முன்பு நாலு வகை இருந்தது, இப்போது மூன்றுதான் இருக்கிறது, போலியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போலி இல்லை. பி யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் காணப்படவில்லை, அதனால் எடுத்துவிட்டார்கள்.

இன்னொருவர், குழந்தையின் அட்டையில் 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி' என்று இருக்கிறதே, ஃப்ளூ ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றா என்று கேட்டார். இல்லை. அது ஒரு பாக்டீரியா, அதற்கான தடுப்பு பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான ஊசியில் வருவது. பெயர்தான் ஒன்று போல இருக்கிறது. ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முதல் முறை ஃப்ளூ ஊசி என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை போட வேண்டும். அதனால் அவர்கள் ஆகஸ்ட் முதல் வாரமே தொடங்கிவிடுவது நல்லது.