ஃபாக்ஸ் மஸ்டாங்குக்குப் புது பிரேக்: சறுக்கும் இடங்கள்

1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கை அமெரிக்காவில் ஃபாக்ஸ் பாடி என்பார்கள். எஞ்சின் கெட்டி, பிரேக்தான் சுமார். 1987-க்குப் பிறகு வந்த 5 லிட்டர் வி8 வண்டியிலேயே முன்னால் 10.84 அங்குல டிஸ்க், பின்னால் 9 அங்குல டிரம், சக்கரத்துக்கு நான்கு போல்ட். 1994-இல் வந்த எஸ்என்95 மஸ்டாங்கில் ஐந்து போல்ட் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), நான்கு பக்கமும் டிஸ்க். அடிப்படை அமைப்பு ஒன்றுதான் என்பதால் அதன் பாகங்களைப் பழைய வண்டியில் மாட்டலாம். ஆனால் மாட்ட முடிகிற எல்லாமே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

முன் சக்கர ஹப்பைத் தாங்கும் ஸ்பிண்டிலை வாங்கும்போதே பலர் கோட்டைவிடுகிறார்கள். 1994-95 ஸ்பிண்டிலும் 1996-க்குப் பிந்தையதும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியான டை ராடு வந்து சேரும் இடம் மட்டும் வேறு. பிந்தையதை அப்படியே மாட்டினால், மேடுபள்ளத்தில் ஸ்டியரிங்கை அசைக்காமலே சக்கரம் லேசாகத் திரும்பும். அதைச் சரிக்கட்டத் தனி கிட் வாங்க வேண்டும். 1994-95 கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை மாற்றிவிட்டு, மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்வதுதான் என் பார்வையில் பெரிய தவறு. ஃபாக்ஸ் வி8-இன் சிலிண்டர் விட்டம் 21 மி.மீ. பின்னாலும் காலிப்பர் வந்துவிட்டால் அது தள்ளும் ஆயில் போதாது, மிதி ஆழமாக இறங்கும். மஸ்டாங்கின் வேக ரகமான கோப்ராவில், 1993 சிலிண்டர் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. ஒரே மிதிக்கு ஏறக்குறைய 46 சதவீதம் கூடுதல் ஆயில் தள்ளும். அதற்காக இருப்பதிலேயே பெரியதைத் தேடிப் போகாதீர்கள். விட்டம் கூடக்கூட அதே பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் குறையும். மிதி கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது.

பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அளவாக்கும் வால்வும் இதோடு சேர்ந்த விஷயம். பழைய வால்வு டிரம்முக்காக அளந்து வைத்தது. பின்னால் டிஸ்க் போட்டால், அதன் உள்பாகத்தை எடுத்துவிட்டு, பின் லைனில் மட்டும் சரிசெய்யக்கூடிய வால்வு வைப்பதுதான் வழக்கம். ஈரச் சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும், அதனால் பின் அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஆளில்லாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

பின் ஆக்சில் தண்டையும் அளந்து பார்த்து வாங்குங்கள். 1994-98 தண்டு பக்கத்துக்கு முக்கால் அங்குலம் கூடுதல் நீளம், டயர் ஃபெண்டரில் உரசலாம். கோப்ராவின் 13 அங்குல டிஸ்க் என்றால் 17 அங்குல வீல் வேண்டும், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டுவது. மாட்டிய பிறகு, காற்றை வெளியேற்றும் ப்ளீடர் திருகு மேலே இருக்கிறதா பாருங்கள். கீழே இருந்தால் எத்தனை தடவை ப்ளீட் செய்தாலும் மேலே சிக்கிய காற்று வெளியே வராது, மிதி பஞ்சு மாதிரியே இருக்கும்.

பழைய ஹப்பில் பேரிங்கைக் கிரீஸ் போட்டு, நட்டை லேசாக இறுக்கி, காட்டர் பின் போடுவோம். எஸ்என்95 ஹப் சீல் செய்தது, அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவாது. புது நட் போட்டு, 220 பவுண்டு-அடிக்கு மேல் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கடைசியாக, வண்டியைத் தூக்கி வைத்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா என்று பாருங்கள்.