32 கோர் வாங்கியும் வேகம் குறைந்தது ஏன்? பிராசசரைத் தேர்ந்தெடுக்கும் வழி

எட்டு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட பழைய சர்வரை மாற்றிவிட்டு 32 கோர் சர்வர் ஒன்றை வைத்தோம். தேர்வு என்னுடையது. மறுநாள் காலையிலேயே கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. 40 நிமிடத்தில் முடிந்துவந்த இரவு அறிக்கைக்கு இப்போது 52 நிமிடம் ஆகிறதாம்.

அன்றிரவு அறிக்கை ஓடத் தொடங்கியதும் கோர்களின் சுமையைக் காட்டும் லினக்ஸின் டாப் கட்டளையைத் திறந்து 1 என்ற எண்ணை அழுத்தினேன். ஒவ்வொரு கோரும் தனி வரியாக விரிந்தது. ஒரு வரி மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. மற்றவை எல்லாம் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தன. அறிக்கை தயாரிக்கும் நிரல் ஒற்றைத் திரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் ஒரே வேலைத்தொடராக, ஓடக்கூடியது. ஒரு கோர் எட்டக்கூடிய உச்ச வேகம் பழைய பிராசசரில் 4.2 கிகாஹெர்ட்ஸ், புதியதில் 3.1. மீதி 31 கோர்களால் அந்த நிரலுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆகவே விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன், இப்போது உங்களிடம் இருக்கும் இயந்திரத்திலேயே மென்பொருளை ஓடவிட்டுக் கவனியுங்கள். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் வரைபடத்தின் மேல் வலது சொடுக்கு செய்து, கோர் வாரியாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரே திரெட்டை இயங்குதளம் அவ்வப்போது கோர் விட்டுக் கோர் மாற்றுவதால், சில நேரம் எல்லாக் கோர்களும் கொஞ்சம் கொஞ்சம் உழைப்பதுபோலத் தோன்றும். அப்போது மொத்தச் சதவீதத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் 16 திரெட்களை ஓட்டக்கூடிய இயந்திரத்தில் மொத்தப் பயன்பாடு 6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது என்றால், ஒரு திரெட் முழு மூச்சாக ஓடுகிறது என்று பொருள். அந்த வேலைக்குத் தேவை வேகமான தனிக் கோர்தான்.

எல்லாக் கோர்களும் நிரம்புகின்றன என்றாலும் அவசரப்பட வேண்டாம். பங்குபோட முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கு எல்லை என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இன்றும் நிற்கிறது. 100 நிமிட வேலையில் 10 நிமிடம் பங்குபோட முடியாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கோரில் அது ஏறத்தாழ 16 நிமிடத்தில் முடியும்; 64 கோரில் 11 நிமிடத்துக்குச் சற்று மேல். நான்கு மடங்கு கோருக்குக் கிடைத்த லாபம் நான்கரை நிமிடம்கூட இல்லை.

கிகாஹெர்ட்ஸை ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். 2004இல் பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. 2006இல் வந்த கோர் 2 வரிசை 3 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவான வேகத்தில் அதை முந்தியது. ஒரு துடிப்பில் (ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு நூறு கோடி துடிப்பு) எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்பதுதான் அங்கே முடிவு செய்தது.

பலரும் கோட்டைவிடுவது நினைவக விஷயத்தில். முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்துசேர ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 300 துடிப்புகள் வெறும் காத்திருப்பு. இதில் சிக்கல் என்னவென்றால், இந்தக் காத்திருப்பையும் இயங்குதளம் 'வேலை' என்றே கணக்கிட்டு 100 சதவீதம் காட்டும். லினக்ஸில் பெர்ஃப் ஸ்டாட் கட்டளையோடு நிரலை ஓட்டிப் பாருங்கள். துடிப்புக்கு ஒரு கட்டளைகூட முடியவில்லை என்றால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். பெரிய தரவுத்தளங்களும் பொறியியல் கணக்கீடுகளும் பெரும்பாலும் இந்த ரகம். கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) பெரிதாக உள்ள பிராசசர் இங்கே உதவும்; ஏஎம்டி 2022இல் 768 மெகாபைட் மூன்றாம் நிலை கேச்சுடன் எபிக் சர்வர் பிராசசர்களை வெளியிட்டது இத்தகைய வேலைகளுக்காகத்தான். மடிக்கணினியில் ஒற்றை நினைவகப் பட்டையோடு விட்டுவிடாமல் இரண்டாகப் போட்டாலே நினைவகத்துக்கும் பிராசசருக்கும் இடையிலான இரு தடங்களும் திறந்துவிடும்.

மடிக்கணினியில் வெப்பமே எஜமானன். ஒரே பிராசசர் கொண்ட இரண்டு மடிக்கணினிகளில் ஒரே நிரல்தொகுப்பைத் தொடர்ந்து ஐந்து முறை கம்பைல் செய்து (இயந்திரமொழிக்கு மாற்றி) பார்த்தேன். முதல் சுற்றில் இரண்டும் 3 நிமிடம். ஐந்தாவது சுற்றில் தடிமனான மடிக்கணினி 3 நிமிடம் 10 வினாடி எடுத்தது. மெல்லியதோ 4 நிமிடம் 30 வினாடி. அதன் விசைப்பலகையில் விரல் வைக்க முடியாத சூடு, வேகம் 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.6க்கு இறங்கியிருந்தது. 15 வாட், 28 வாட், 45 வாட் என்று பிராசசரின் விவரக்குறிப்பில் வரும் மின்திறன் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். ஒரு நிமிடச் சோதனையின் மதிப்பெண்ணை நம்பாதீர்கள். குறைந்தது 20 நிமிடம் ஓட்டுங்கள்.

வாடகைச் சர்வர் எடுப்பவர்கள் 'ஒரு மெய்நிகர் பிராசசர்' என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான இன்டெல் சர்வர்களில் அது ஒரு கோரின் இரண்டு திரெட்களில் ஒன்று. அமேசானின் கிராவிட்டான் போன்ற, இன்டெலிலிருந்து வேறுபட்ட கட்டளைமுறை கொண்ட ஆர்ம் பிராசசர்களில் அது முழுக் கோர். எட்டுக்கு எட்டு என்று ஒப்பிட்டால் கணக்கு தவறும். ஆர்ம் பக்கம் போவதானால், உங்கள் நிரல் நம்பியிருக்கும் ஒவ்வொரு நூலகமும் (ஆயத்த நிரல்தொகுதி) ஆர்முக்கு நேரடியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பட்டியல் போடுங்கள். இன்டெலுக்கான கட்டளைகளை ஆர்முக்கு மாற்றித் தரும் மொழிமாற்றி வழியாக ஓடும் நிரல் வேகத்தில் ஒரு பகுதியை வழியிலேயே விட்டுவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, வாங்க நினைக்கும் அதே பிராசசரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, உங்கள் சொந்தத் தரவோடு மூன்று முறை ஓட்டி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அன்று செய்யத் தவறியது இதைத்தான்.

அந்த இரவு அறிக்கையைப் பிறகு கிளைவாரியாக எட்டுத் துண்டுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடும்படி மாற்றி எழுதினோம். இப்போது 9 நிமிடத்தில் முடிகிறது. அதில் கடைசி 3 நிமிடம் எல்லாத் துண்டுகளையும் ஒன்றுசேர்க்கும் பகுதி. அது இன்னமும் ஒற்றைக் கோரில்தான் ஓடுகிறது.