கோரஸ் பாடகர் செய்யக் கூடாத தவறுகள்: ஜெர்மன் ஸ்டூடியோ அனுபவங்கள்

ஜெர்மன் பாப் குழுவான மாடர்ன் டாக்கிங்கின் பாடல்களைக் கேட்டவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். சரணத்தைத் தாமஸ் ஆண்டர்ஸ் குழைந்து பாடிக்கொண்டு வருவார். பல்லவி வந்ததும் சில ஆண் குரல்கள் சேர்ந்து கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ என்னும் மெல்லிய உயர்குரலில்) உச்சத்துக்கு ஏறும். டிவியில் பார்த்தால், கிட்டாரோடு பக்கத்தில் நிற்கும் டீட்டர் போலன் வாயசைத்துக்கொண்டிருப்பார். ஆனால் ரெக்கார்டில் அந்த உச்சத்தைத் தொட்டவர்கள் ரோல்ஃப் கோலர், மிஷாயேல் ஷோல்ட்ஸ், டெட்லெஃப் வீடெக்கே போன்ற ஸ்டூடியோ பாடகர்கள். 1985-ல் ஜெர்மனியில் முதலிடம் பிடித்த குழுவுக்கு அந்தக் கோரஸ்தான் முத்திரை. பாடியவர்களை ரசிகர்களுக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் சறுக்குவது, கோரஸ் என்றால் லேசான வேலை என்று நினைப்பதில். தனியாகப் பாடுபவர் கொஞ்சம் முன்னே பின்னே போனால் அதை உணர்ச்சிபாவம் என்று சொல்லிவிடலாம். கோரஸில் அது கிடையாது. மூன்று பேர் ஒரே வரியை மூன்று முறை பாடிப் பதிவு செய்தால் ஒன்பது குரல் சேரும். அந்த வரி ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’ என்று முடிகிறது என்று வையுங்கள். ஒன்பது ‘ட்’டும் மயிரிழை தள்ளித் தள்ளி விழுந்தால், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இருக்கும். அதனால் ஒருவர் மட்டும் ‘ட்’ சொல்வார், மற்றவர்கள் ‘ஹார்’ என்று நிறுத்திக்கொள்வார்கள். ‘ஸ்’ஸுக்கும் இதே கதைதான். குரலை அசைக்கக் கூடாது, மூச்சையும் ஒன்றாக எடுக்க வேண்டும். தன் குரல் தனியாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இரண்டாவது அழைப்பு வராது.

சரி, நன்றாகப் பாடிவிட்டீர்கள். அன்றைய கூலி கைக்கு வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஜெர்மனியில் பாட்டுக்கு இரண்டு கல்லாப்பெட்டி. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வசூலிப்பது கெமா என்ற அமைப்பு. பாடியவர், வாசித்தவர், ரெக்கார்டைத் தயாரித்தவர் ஆகியோருக்காக ரேடியோ, டிவி ஒலிபரப்பிலிருந்து வசூலித்துக் கொடுப்பது 1959-ல் தொடங்கிய ஜி.வி.எல். பல்லவியில் ஒரு ‘ஓஹோ’வை நீங்களே கற்பனை செய்து சேர்த்தாலும், எழுதியவர் பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் கெமாவிடம் சல்லிக்காசு பெயராது. ஜி.வி.எல். பணம் வரும், ஆனால் ஒப்பந்தம் போட்டு, எந்தப் பதிவில் பாடினீர்கள் என்று நீங்களேதான் பதிய வேண்டும். ஸ்ட்ரீமிங் வருமானம் இந்தப் பெட்டிக்கே வராது, அது கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒரே தொகைக்கு உரிமையை எழுதிக் கொடுத்தவர்களுக்காக ஐரோப்பியச் சட்டம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது: ரெக்கார்டு வெளியாகி 50 ஆண்டு தாண்டியபின், தயாரிப்பாளர் அதன் வருமானத்தில் 20 சதவீதத்தை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும். 1984-ல் வெளியான ரெக்கார்டுக்கு அது 2035-ல் தொடங்கும். ரோல்ஃப் கோலர் 2007-லேயே காலமாகிவிட்டார்.

இதே வேலையைச் செய்து வேறு மாதிரி வாழ்ந்தவர் ஃபிராங்க் ஃபாரியன். சமையல் தொழில் கற்றவர், பாடகராக முயன்றவர், பிறகு தயாரிப்பாளர் ஆனவர். 1975-ல் போனி எம் என்ற பெயரில் வந்த முதல் ரெக்கார்டில் அடித்தொண்டைக் குரல், உச்சக் கள்ளக்குரல் இரண்டும் அவருடையவையே. அது ஓடத் தொடங்கியதும்தான் மேடைக்கு ஆள் பிடித்தார். மேடையில் ஆட பாபி ஃபாரெல், ஆண் குரலுக்கு ஃபாரியன். முகம் தெரியாத குரல் என்ற வகையில் கோலருக்கும் ஃபாரியனுக்கும் வித்தியாசம் இல்லை. ரெக்கார்டு யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

அதற்காக ஃபாரியனை அப்படியே பின்பற்றிவிடவும் கூடாது. அவர் பின்னாளில் உருவாக்கிய மில்லி வனில்லி குழுவில் பாடியவர்கள் சிலர், மேடையில் வாயசைத்தவர்கள் வேறு இருவர். 1990 நவம்பரில் உண்மை வெளியே வந்ததும் கிராமி விருது பறிபோனது, கல்லடி முழுக்க அந்த இரண்டு இளைஞர்கள்மேல் விழுந்தது. உண்மையில் பாடியவர்கள் பிறகு சொந்த முகத்தோடு வந்தபோது அந்தப் பழைய அலை இல்லை. கோரஸ் பாடியவர் பெயர் வெளியே தெரியாமல் இருப்பது தொழில். இன்னொருவர் பாடினார் என்று சொல்லி விற்பது பொய். பின்னதற்குக் குரல் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பேன்.

பாடகர் தயாரிப்பாளர் ஆகும்போது இன்னொரு தவறு காத்திருக்கிறது. சுயதொழில் கலைஞர்களுக்கான சமூகக் காப்பீடு ஜெர்மனியில் 1983-லிருந்து உண்டு. சந்தாவில் பாதியைக் கலைஞர் கட்டினால் போதும். மீதிப் பாதிக்குப் பணம் சேர்ப்பவர்களில், கலைஞர்களை வேலைக்கு வைப்பவர்களும் உண்டு. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தயாரிப்பாளராகப் போய் உட்கார்ந்ததும் நீங்களும் அந்த வகையில் சேர்ந்துவிடுவீர்கள். நீங்கள் கூப்பிட்ட பாடகிக்குக் கொடுத்த சம்பளத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். அப்புறம் நோட்டீஸ் வந்த பிறகு விழிப்பதில் பயனில்லை.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். பதிவு நாளில் பாட்டுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. தாளில் ‘மூணாவது, வேகமானது’ என்கிற மாதிரி ஏதோ எழுதியிருக்கும். வெளியாகும்போது பெயர் வேறாகிவிடும், பல வருடம் கழித்து எது நம் குரல் என்று நமக்கே சந்தேகம் வரும். தேதி, ஸ்டூடியோ, பல்லவியின் முதல் வரி, எத்தனை டிராக் பாடினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, கூலிக்குக் கையெழுத்துப் போடும் அதே மேசையில் தயாரிப்பாளரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். மறுநாள் போன் செய்தால் “பார்க்கலாம்” என்பார்.