இரவுத் தையலை நிறுத்தினேன்

போன தீபாவளிக்கு முன்பு இரவு ஒரு மணி வரை மிஷினில்தான் கிடந்தேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் பட்டு பிளவுஸுக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டிவிட்டேன். துணிக்குக் காசு கொடுத்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் மாற்றினேன். வெட்டுவது காலை 7 முதல் 9 வரை மட்டும். அப்போது போன் அடுப்படியில் இருக்கும். மதியம் கண் சொக்கும், அதனால் ஹூக் வைப்பது, ஹெம்மிங். பாட்டுக் கேட்டுக்கொண்டே கை ஓடும். ஒரு நாளைக்கு ஐந்து பிளவுஸ்தான். நோட்டில் ஐந்து வரி நிரம்பினால் அடுத்த தேதிதான். "உங்களுக்கு மட்டும் நாளைக்கே தந்துடறேன் அக்கா" என்ற பேச்சை விடுவதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள், ஒருத்தர் திரும்பிவிட்டார். பிரித்துத் தைக்கும் வேலை இப்போது வாரத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். இரவு எட்டு மணிக்கு மிஷினுக்கு உறை போட்டுவிடுகிறேன்.