தானிய வணிகப் பெருநிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உலகத் தானியத்தில் 90 சதவீதம் நான்கு நிறுவனங்களின் கையில் இருக்கிறது" என்ற வாக்கியத்தை நம்மில் பலர் எங்கேயாவது படித்திருப்போம். ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட், பங்கி, கார்கில், லூயி டிரேஃபஸ் ஆகியவையே அந்த நான்கு. அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏபிசிடி என்று அழைப்பது வழக்கம். இந்த நிறுவனங்களின் வலிமை கற்பனையன்று. அதைக் கேள்வி கேட்பதும் அவசியம். ஆனால் அந்த வலிமை எங்கே தங்கியிருக்கிறது என்பதைப் பிழையாகப் புரிந்துகொண்டால், கேள்வியும் பிழையான வாசலில் போய் நின்றுவிடும்.

முதல் தவறு, விளைச்சலையும் வணிகத்தையும் ஒன்றாகக் கருதுவது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி டன் கோதுமை விளைகிறது. அதில் நாட்டெல்லையைத் தாண்டிச் செல்வது சுமார் நான்கில் ஒரு பங்குதான். அரிசியில் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். 75 முதல் 90 சதவீதம் வரை சொல்லப்படும் அந்த மதிப்பீடு எல்லை தாண்டும் தானியத்தைப் பற்றியதே தவிர, விளையும் தானியம் முழுவதையும் பற்றியதன்று. அதுவும் பழைய மதிப்பீடு. தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான அரிசியில் இந்த நான்கின் பிடி மிகக் குறைவு. அண்மை ஆண்டுகளில் உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவிலிருந்தே போயிருக்கிறது. ஆகவே 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தபோது, ஒரே அரசாணை உலகச் சந்தையை உலுக்கியது. சோயாவின் கதை வேறு. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கடல் கடக்கிறது; அதில் பெரும்பகுதியைச் சீனா வாங்குகிறது; இந்த நிறுவனங்களின் கை ஓங்கியிருப்பது அங்கேதான். எனவே எந்தத் தானியம், எந்தத் துறைமுகம் என்று கேட்காமல் சதவீதம் சொல்வது பயனற்றது.

இரண்டாவது தவறு, இந்த நிறுவனங்கள் கூடிப் பேசிக் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் உலக விலையை நிர்ணயிக்கின்றன என்று எண்ணுவது. விலையைக் கூடிப் பேசி உயர்த்திய குற்றத்தை ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் 1996இல் ஒப்புக்கொண்டு, 10 கோடி டாலர் அபராதம் கட்டியது உண்மை. ஆனால் அது தானியத்தில் நடந்ததன்று. கால்நடைத் தீவனத்தில் சேர்க்கப்படும் லைசின், சிட்ரிக் அமிலம் ஆகிய பொருள்களில் நடந்தது. உலகிலேயே சில ஆலைகள் மட்டும் தயாரிக்கும் பொருளில் அத்தகைய சதி எளிது. இலட்சக்கணக்கான உழவர்கள் விளைவித்து, சிகாகோ முன்பேரச் சந்தையில் (பின்னால் ஒப்படைக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை) வெளிப்படையாக விலை பேசப்படும் கோதுமையில் அது மிகக் கடினம்.

தானியத்தில் இந்த நிறுவனங்களின் ஆயுதம் தகவல். 1972 கோடையில் சோவியத் அதிகாரிகள் அமெரிக்கா வந்து, ஒவ்வொரு நிறுவனத்துடனும் தனித்தனியே, மற்றவர்களுக்குத் தெரியாமல் பேரம் பேசினார்கள். காண்டினென்டல் கிரெய்ன் நிறுவனமே மிகப் பெரிய அளவில் விற்றது. தன் நிறுவனம் எவ்வளவு விற்றது என்பது அந்தந்த நிறுவனத்துக்குத் தெரியும். மொத்தமாக எவ்வளவு போயிற்று என்பது அமெரிக்க வேளாண் துறைக்கே தெரியாது. அந்தத் துறையோ ஏற்றுமதி மானியத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. விற்பனையின் அளவு வெளியே வருவதற்கு முன்பே கோதுமையைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்ட உழவர்கள் ஏமாந்தார்கள்; அடுத்த ஓராண்டுக்குள் கோதுமை விலை இரு மடங்குக்கும் மேல் ஏறி, ரொட்டி வாங்குபவர்களின் தலையில் விழுந்தது. இதன் பிறகுதான், ஒரே நாளில் ஒரே நாட்டுக்கு ஒரு இலட்சம் டன் அல்லது அதற்கு மேல் விற்றால் அடுத்த வேலை நாளில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வந்தது. இன்றும் சந்தை முழுவதும் காத்திருந்து பார்க்கும் அறிவிப்பு அது. தகவலைப் பொதுவாக்குவது எவ்வளவு வலிமையான சட்டம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது தவறு, சிகாகோ விலையைப் பார்த்துவிட்டு உழவரின் வருமானத்தைக் கணக்கிடுவது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அக்டோபர் மாதம் ஓர் உழவர் மக்காச்சோளத்தை லாரியில் ஏற்றி, எலிவேட்டர் எனப்படும் உயரமான தானியக் கிடங்குக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரி எடைமேடையில் நிற்கும்போதே நீண்ட குழாயை உள்ளே செருகி மாதிரி எடுக்கிறார்கள்; ஈரப்பதத்தை அளக்கிறார்கள்; அளவுக்கு மேல் ஈரம் இருந்தால் விலையில் பிடித்தம் உண்டு. அன்று சிகாகோவில் ஒரு புஷலின், அதாவது சுமார் 25 கிலோவின், விலை 4 டாலர் 50 சென்ட் என்றால், கிடங்கின் பலகையில் அதிலிருந்து 40 சென்ட் கழிவு என்று எழுதியிருக்கலாம். உழவர் கைக்கு வருவது 4 டாலர் 10 சென்ட். இந்தக் கழிவுக்குத் தொழிலில் 'பேசிஸ்' என்று பெயர். சிகாகோ விலையை யாரும் தனியாக முடிவு செய்வதில்லை. பேசிஸை முடிவு செய்வது கிடங்கின் உரிமையாளர். சுற்றுவட்டாரத்தில் மூன்று நிறுவனங்களின் கிடங்குகள் இருந்தால் அவர் போட்டிக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். ஒன்றே ஒன்று இருந்தால், அறுவடை வேளையில் தானியத்தைச் சேமிக்க வேறு இடமில்லாத உழவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டியதுதான். 2022 அக்டோபரில் மிசிசிப்பி ஆற்றில் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்து, தானியப் படகுகளின் வாடகை வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. சிகாகோ விலை பெரிதாக அசையாதபோதும், ஆற்றங்கரைக் கிடங்குகளின் பலகையில் கழிவு பெருகியது. படகுச் செலவின் பெரும்பங்கு உழவர் மீதே இறங்கியது.

விற்றுமுதலை லாபமாகக் காட்டுவது இன்னொரு பிழை. 2022 நிதியாண்டில் கார்கிலின் விற்றுமுதல் 16,500 கோடி டாலர். லாபம் ஏறத்தாழ 670 கோடி டாலர், அதாவது நூற்றுக்கு நான்கு. உக்ரைன் போரால் உணவு விலை உச்சத்தில் இருந்த ஆண்டில் ஈட்டிய அந்த லாபத்தைக் கண்டிப்பதற்குச் சரியான எண்ணே போதும்; ஊதிப் பெருக்கிய எண் தேவையில்லை.

இந்த நிறுவனங்களின் வலிமையை நில உடைமையில் மட்டும் தேடுவதும் தவறு. பிரேசிலில் சோயா வயல்கள் பெரும்பாலும் உழவர்களுடையவை. ஆனால் விதைப்புக்கு முன்பே உரத்தையும் பூச்சிமருந்தையும் கடனாகக் கொடுத்து, அறுவடையில் இத்தனை மூட்டை சோயா தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளும் முறை அங்கே பரவலாக இருக்கிறது. வயல் உழவருடையது, விளைச்சலோ முளைக்கும் முன்பே வணிகருடையது.

எல்லாவற்றையும்விட நான் கவலையோடு சொல்ல விரும்புவது, அரசுக் கொள்முதல் வாரியத்தை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றோ, வாரியத்தைக் கலைத்துவிட்டால் போட்டி தானே வந்துவிடும் என்றோ அவசரப்படும் தவற்றைப் பற்றித்தான். ஆஸ்திரேலியாவின் கோதுமை வாரியம் 1999இல் தனியார் நிறுவனமாக மாறிய பிறகும் ஏற்றுமதியில் ஏகபோகத்தை வைத்திருந்தது. ஐ.நா. தடையின் கீழ் இருந்த ஈராக்குக்குக் கோதுமை விற்க, ஜோர்டானிய லாரி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 29 கோடி ஆஸ்திரேலிய டாலரைச் சதாம் உசேன் அரசுக்குக் கொடுத்தது விசாரணையில் அம்பலமானது. 2008இல் ஏகபோகம் முடிந்தது. 2011இல் அதன் தானிய வணிகம் கார்கில் கைக்குப் போனது. கனடாவில் 1935இல் தோன்றிய கோதுமை வாரியம் 2012இல் ஏகபோகத்தை இழந்தது. 2015இல் அதன் பெரும்பான்மைப் பங்கை பங்கியும் சவூதி அரசு நிறுவனம் ஒன்றும் சேர்ந்த ஜி3 என்ற கூட்டு நிறுவனம் வாங்கியது. இரு நாட்டிலும் வாரியம் விட்டுச்சென்ற இடத்தைப் பெருநிறுவனங்களே நிரப்பின.

நான்கு என்ற எண்ணிக்கையும் பழையதாகிவிட்டது. சீன அரசின் கோஃப்கோ 2014இல் நைடெரா நிறுவனத்திலும் நோபிள் குழுமத்தின் வேளாண் பிரிவிலும் பெரும்பங்கை வாங்கி உள்ளே வந்தது. 2025 ஜூலையில் பங்கியும் விடெரா என்ற இன்னொரு தானிய வணிக நிறுவனமும் இணைந்தன. அந்த இணைப்புக்குக் கனடா அரசு விதித்த நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது விளங்கும்: உலகச் சந்தைப் பங்கைப் பற்றிய பொதுப்பேச்சோடு நில்லாமல், மேற்குக் கனடாவில் உள்ள ஆறு எலிவேட்டர்களை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட வேண்டும் என்று அரசு கேட்டது. அந்த ஆறு ஊர்களைச் சுற்றியுள்ள உழவர்களுக்கு, லாரியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்க்க இன்னொரு விலைப்பலகை இருக்குமா இருக்காதா என்பதே அதில் முடிவாக வேண்டிய விஷயம்.