மாட்டுக்கறியை விட்டு முயல்கறிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வருஷம் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "மாட்டுக்கறியைக் கொஞ்சம் குறைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொடைக்கானல் மூஞ்சிக்கல் நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் அந்த வரி என் மண்டைக்குள், "மாட்டுக்கறிக்குப் பதிலா வேற கறி தின்னுங்க" என்று மாறிவிட்டது. அடுத்த நாலு மாதம் முயல், காடை, வான்கோழி, வாத்து என்று வாங்கித் தீர்த்தேன். எடை இறங்கவில்லை, பர்ஸ்தான் இளைத்தது. எங்கே தப்பு செய்தேன் என்று பிற்பாடு உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொடைக்கானலில் இப்போது நிறையப் பேர் இதே வழியில்தான் போகிறார்கள்.

முதல் தப்பு, நாம் எந்த மாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்காதது. "மாட்டுக்கறியில் கொழுப்பு அதிகம், முயலில் குறைவு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. அங்கே மாட்டைக் கடைசி மாதங்களில் கொட்டிலில் அடைத்து, சோளமும் தானியமுமாகப் போட்டுக் கொழுக்க வைப்பார்கள். சதைக்கு நடுவிலேயே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஓடும். அங்கே சாதாரணமாக விற்கும் கொத்துக்கறியில் 100 கிராமுக்கு 20 கிராம் கொழுப்பு இருக்கும். நம் கடையில் தொங்குவது புல்லையும் வைக்கோலையும் தின்று, மலையேறி இறங்கிய மாடு. பல இடங்களில் அது எருமை. கொழுப்பை நீக்கிய எருமைக்கறியில் 100 கிராமுக்குக் கொழுப்பு 2 கிராம்கூடத் தேறாது. பண்ணை முயலிலோ ஐந்தரை கிராம் வரை இருக்கும். அதாவது கொழுப்பைக் குறைக்கிறேன் என்று கிளம்பிய நான், சில வாரங்களில் அதைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

முயல் மோசம் என்று சொல்லவில்லை. நல்ல கறிதான். 100 கிராமில் 20 கிராம் புரதம், மிருதுவான சதை, வைட்டமின் பி12 தாராளம். ஆனால் பெயரை மாற்றினால் போதும், கொழுப்பு தானாக இறங்கிவிடும் என்று நினைப்பது ஏமாற்று. எந்தப் பிராணி என்பதைவிட, அதில் எந்தத் துண்டு, தோலோடா தோல் நீக்கியா என்பதுதான் பெரிய விஷயம். காடையைத் தோலோடு எடுத்தால் 100 கிராமுக்கு 12 கிராம் கொழுப்பு. தோலை உரித்தால் நாலரை. வாத்து இன்னும் பயங்கரம்: தோலோடு 39 கிராம், உரித்தால் 6 கிராமுக்குள். வான்கோழி நெஞ்சுக்கறி தோல் இல்லாமல் ஏறக்குறைய கொழுப்பே இல்லாதது. அதே கோழியைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் தோலோடு வெண்ணெய் தடவிச் சுட்டுவிட்டு, "வான்கோழி உடம்புக்கு நல்லது" என்று சொல்வதில் என்ன நியாயம்? காடை விஷயத்தில் இன்னொன்று. ரோட்டோரக் கடையில் சிவப்புப் பொடி தடவி, எண்ணெய்ச் சட்டியில் முக்கி எடுக்கும் காடை வறுவலைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது வேறு பண்டம்.

அப்புறம் காட்டு முயல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் இருக்கும் நமக்கு இந்த ஆசை வருவது சுலபம்.

தமிழில் முயல் என்று ஒரே சொல்தான். அதனால் பண்ணை முயலும் காட்டில் ஓடும் முயலும் ஒரே பிராணி என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு இனம். பண்ணை முயலின் மூதாதை ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்தது. அதன் குட்டி ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். நம் காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து சீக்கிரமே துள்ள ஆரம்பித்துவிடும். சட்டத்திலும் இரண்டுக்கும் நடுவே பெரிய சுவர் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். காட்டுக்கோழி, கேளையாடு, கடமான், காட்டெருமை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பிடித்தவர் மட்டுமல்ல, கறியை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருப்பவரும் மாட்டுவார். 2013-இல் கொடைக்கானல் வன உயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு நம்மைச் சுற்றியிருக்கும் காட்டில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிட்டது. "நம்ம ஆளுதான்ணே, யாருக்கும் தெரியாது" என்று யாராவது பை நீட்டினால் வாங்காதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், உடம்புக்காவது நல்லதா? கண்ணியில் மாட்டி எத்தனை மணி நேரம் கிடந்ததோ, எந்த வியாதியோடு இருந்ததோ, எந்த மருத்துவரும் பார்த்தது கிடையாது. காட்டுப்பன்றியின் சதையில் ட்ரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். அரைவேக்காடாகத் தின்றால் அது நம் தசைக்குக் குடியேறும். காட்டில் மேய்ந்ததால் சுத்தம் என்பது வெறும் நம்பிக்கை.

சரி, பண்ணை முயல் வாங்குவதென்று முடிவு செய்தாயிற்று. குளிர் ஊர் என்பதால் நமக்கு இது தோதான பிராணி. முயலுக்கு வெயில் ஆகாது. சமவெளியில் கோடையில் ஆண் முயல் மலடாகிவிடும் அளவுக்கு அவதிப்படும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆட்டைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் போகும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். கறி முயல்களையும் அங்கே வளர்த்து ஆராய்கிறார்கள்: வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா மாதிரி இனங்கள்.

வாங்கும்போது செய்யும் தவறு, உயிரெடையைக் கறியெடையாக நினைப்பது. 2 கிலோ முயலை அறுத்து, தோலும் குடலும் தலையும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அதிலும் எலும்பு உண்டு. நான் விலையை ஆட்டுக்கறியோடு ஒப்பிட்டு மகிழ்ந்ததெல்லாம் இந்தக் கணக்கு தெரியாததால்தான். இன்னொன்று வயது. மூன்று மாத முயல் கறிக்கு ஏற்றது. குட்டி போட்டு ஓய்ந்த தாய் முயலும் சில சமயம் சந்தைக்கு வரும்; விலை குறைவாக இருக்கும், சதை ரப்பராக இருக்கும். முடிந்தால் கண்முன்னே உரித்து வாங்குங்கள். வீட்டிலேயே வளர்க்கலாமே என்று யாராவது "நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" திட்டத்தோடு வந்தால் 2012-இல் ஈரோட்டுப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஈமுக் கறியும் கொழுப்பு குறைந்த சிவப்புக் கறிதான். ஆனால் தின்ன ஆளில்லாத கறியை வளர்த்து என்ன செய்வது?

சமையலுக்கு வருவோம். என் வீட்டில் முதல் முயல் குழம்பு நாராக வந்தது. மாட்டுக்கறிக்கு வைப்பது போல எட்டு விசில் வைத்திருந்தேன். மாட்டின் தொடையிலும் முன்காலிலும் இருக்கும் நரம்பும் ஜவ்வும் கரைய நேரம் வேண்டும். மூன்று மாத முயலில் அதெல்லாம் குறைவு. நேரம் போகப் போக நீர் வடிந்து சதை இறுகும். அடுத்த வாரம் பயந்துபோய் வெறும் சட்டியில் வேகவைத்தேன். அது வேகவே இல்லை. காரணம் ஊர்தான். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வத்தலக்குண்டில் இருக்கும் மைத்துனி சொன்ன நேரக் கணக்கு இங்கே செல்லாது. குக்கரிலும்கூட அவர்களுக்குக் கிடைக்கும் சூடு நமக்கு முழுசாகக் கிடைப்பதில்லை.

இப்போது நான் செய்வது இது. இளம் முயலைத் தயிர், மஞ்சள், மலைப்பூண்டு விழுதோடு இரண்டு மணி நேரம் ஊறவைத்து, முதுகுத் துண்டுகளைத் தனியாகவும் பின்கால்களைத் தனியாகவும் எடுத்துக்கொள்கிறேன். கால்களை முதலில் மசாலாவில் போட்டு மூடி, சிறு தீயில் வைத்து, பாதி வெந்ததும் முதுகைச் சேர்க்கிறேன். எலும்பை ஒட்டிய இடத்தில் சிவப்பு தெரியக் கூடாது. கறி மிருதுவாக வேண்டும் என்பதற்காக அரைவேக்காட்டில் இறக்குவதும் தப்பு. கிழட்டு முயல் அகப்பட்டால் மட்டும் குக்கர்.

இவ்வளவு பார்த்து வாங்கி, கடைசியில் அரை மூடித் தேங்காயை அரைத்து ஊற்றி, மேலே நாலு கரண்டி எண்ணெயில் தாளித்தால்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கொழுப்பு கறியிலிருந்து வந்ததா கரண்டியிலிருந்து வந்ததா என்று உடம்பு விசாரிக்காது. நானும் இதைத்தான் செய்தேன். கறி வறண்டுவிடுமோ என்று பயந்து எண்ணெயைக் கூட்டினேன்.

பெண்கள் இருக்கும் வீட்டில் யாரும் யோசிக்காத ஒரு தப்பு இரும்புச்சத்து. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்பாவின் கொலஸ்ட்ராலுக்காக வீடு முழுக்கச் சிவப்புக் கறியை நிறுத்திவிட்டு வான்கோழி நெஞ்சுக்கு மாறினால், மகளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த இரும்பு பாதிக்கும் கீழே போய்விடும். அவளுக்கு வெள்ளாட்டுக்கறி நல்லது: 100 கிராமில் 2.8 மில்லிகிராம் இரும்பு, கொழுப்பும் 2 கிராம் சொச்சம்தான். அபூர்வக் கறி தேடி நாலு மாதம் அலைந்தவனுக்கு இது தெரிய வந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் எந்தக் கறிக்கு மாறினாலும் அளவு குறையாமல் பலன் இல்லை. ஈரலை விட்டுவிடுவது நல்லது. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் கறி. ஒன்றில் முயல். இன்னொன்றில் பழைய கடைக்கே போய், "அண்ணே, தொடைக்கறி அரைக்கிலோ, வெள்ளையெல்லாம் எடுத்துருங்க" என்கிறேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, முயலெல்லாம் போரடிச்சிருச்சா என்று கேட்கிறார்.